அஞ்சப்பன் வீட்டுப் பக்கம் சாய்ந்த தெரு

பூங்காவனத்தின் கடைத் தட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் தானாக இறங்கி, சாக்கைத் தாண்டி, படியைத் தாண்டி, சிமெண்டுத் தெருவின் நட்டநடுவில் யாரோ கூப்பிட்டதுபோல உருண்டு போய், கடைசி வீடான அஞ்சப்பன் வீட்டு வாசற்படியில் முட்டி நின்றபோதுதான், புன்னைமேட்டுக் கீழத்தெரு சாய்ந்துவிட்டது என்பது முதன்முதலில் தெரியவந்தது. பூங்காவனம் எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பழம் உருள்வதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தெரு, மழை பெய்தால் எந்தப் பக்கம் வடிவதென்று தெரியாமல் தண்ணீர் விழுந்த இடத்திலேயே கிடந்து பாசி பிடிக்கிற தெரு. அதில் சாய்வு என்று ஒன்று அதுவரை இருந்ததில்லை. அவள் இன்னொரு பழத்தை எடுத்துக் கீழே வைத்தாள். அதுவும் போனது. கூறு கட்டி வைத்திருந்த வெங்காயம் சரிந்துகொண்டு போனது. பல்லி மிட்டாய் ஜாடி கவிழ்ந்து, மிட்டாயெல்லாம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப் போலக் கும்பலாகப் போயின. போனவற்றை எடுத்துவர யாராவது அஞ்சப்பன் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். அதுதான் பூங்காவனத்துக்குச் சங்கடமாக இருந்தது.

அஞ்சப்பன் யாரென்று சொல்லிவிட வேண்டும். நாற்பதைத் தாண்டியவன், ஒண்டியாள். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போட்டு, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பது தொழில். முன்பு அவனும் கடலுக்குப் போகிறவனாகத்தான் இருந்தான். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் நாலு பேர் போன படகு புயலில் கவிழ்ந்தது. அமிர்தவல்லியின் புருஷன் காத்தவராயன், கடைக்காரப் பூங்காவனத்தின் கூடப்பிறந்த தம்பி பாவாடைராயன், ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் சிங்காரவேலரின் ஒரே மகன் தணிகாசலம் ஆகிய மூன்று பேரும் திரும்பவில்லை. நாலாவது ஆள் அஞ்சப்பன், உப்பில் ஊறி உதடு வெடித்து வேறு ஊர்க் கரையில் ஒதுங்கி, லாரி ஏறி வந்து சேர்ந்தான். தெருமுனையில் கூடி நின்ற சனம், மற்றவர்கள் எங்கே என்று கேட்டது. அவன் தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினான். அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

யாராவது திட்டியிருந்தால்கூட அவன் பதில் சொல்லியிருப்பான். யாரும் திட்டவில்லை. அவன்மேல் தப்பு இருப்பதாக யாரும் நினைக்கவும் இல்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் கூடவே மூன்று முகம் தெரிகிறது என்பதால், சனங்கள் அவன் வருகிற நேரம் கண்ணைத் தாழ்த்தப் பழகினார்கள். பூங்காவனம் அவன் கேட்ட சாமானைத் தட்டில் வைத்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கோவில் பிரசாதம் அவன் வீட்டு மதில்மேல் வைக்கப்பட்டிருக்கும். அவன் அம்மா செத்தபோது ஊரே வந்தது, பாடை கட்டியது, கொள்ளிச் சட்டி எடுத்துக் கொடுத்தது, சுடுகாடு வரைக்கும் கூட நடந்தது, எல்லாமே தரையைப் பார்த்தபடி. நாளாக ஆக அது பழக்கமாகி, பழக்கம் மறந்தும் போய், கீழத்தெருவில் பிறந்து வளரும் பிள்ளைகள்கூட அந்தக் கடைசி வீட்டை வீடென்று எண்ணாமல், தெரு அதற்கு முந்தின வீட்டோடு முடிகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தன.

அப்படியிருந்தவன் கொட்டகைக்குத்தான் காரைக்காலிலிருந்து சவரிநாதன் சொல்தாவின் குண்டு மேசை வந்து சேர்ந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை அந்தப் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அவர் பிரான்சின் துலோன் பட்டணத்தில் இருந்த காலத்தில் ஒரு காப்பிக் கடையில் தினமும் ஆடிய பின்பால் மேசை அது. கடைக்காரன் கடையை மூடியபோது அதை வாங்கிக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். கட்டில் நீளத்துக்குக் கண்ணாடி மூடிய சாய்ந்த பலகை. வலப்பக்கத்துச் சுருள்கம்பியை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஏறி, அங்கங்கே முட்டி, மணியடித்து, விளக்கெரித்து, கீழே இறங்கும். அடியில் இரண்டு சிறிய துடுப்புகள் இருக்கும், குண்டு குழிக்குள் விழாமல் பக்கத்துப் பொத்தானை அழுத்தித் துடுப்பால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அதன் பலகையில் ஒரு திருவிழா வரைந்திருந்தது. ராட்டினம், ஊஞ்சலாடும் பெண்கள், கிளி வைத்திருக்கிற ஒரு சிகப்புத் தொப்பிக்காரன். ஐம்பது வருஷம் குண்டு ஓடியதில் துடுப்புகளுக்கு எதிரே படமே இல்லை, பலகையின் நார் தெரிந்தது. அஞ்சப்பன் பெயிண்ட் அடித்த படகு ஒன்றைப் படகுத்துறையில் பார்த்துவிட்டு, கண்ணாடி மாதிரி இருக்கிறதே, இந்தக் கைதான் வேண்டும் என்று சொல்தா தேடிக்கொண்டு வந்தார். வெளியூர்க்காரர் என்பதால் அவன் முகத்தைப் பார்த்தே பேசினார். எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை என்றார்.

அஞ்சப்பன் அந்த வேலையில் இறங்கியவன் வேறு படகு எதையும் தொடவில்லை. பலகையின் மேலிருந்த கம்பி, ரப்பர், விளக்கு, மணி எல்லாவற்றையும் இருந்த இடத்தை போனில் படம் பிடித்துக்கொண்டு கழற்றினான். ஸ்பிரிட் தொட்ட துணியால் மேலே படிந்திருந்த கறுப்பை எடுத்தான். கீழே எரிகிற விளக்கின் வெளிச்சம் தெரிவதற்காகப் பலகையில் பதித்திருந்த வட்ட வட்டமான கலர்ச் சில்லுகள் காலப்போக்கில் உள்வாங்கிக் கிடந்தன. குண்டு ஓடுகிற பாதையில் ஒரு சில்லு மயிரிழை தாழ்ந்திருந்தாலும் குண்டு அங்கே தயங்கும். ஒவ்வொன்றையும் சூடுகாட்டி எடுத்து, பசை போட்டு, பலகையின் மட்டத்துக்குத் திரும்ப உட்காரவைத்தான். பிறகு அழிந்துபோன படம். அங்கே என்ன இருந்தது என்று சொல்தாவுக்கு போன் போட்டுக் கேட்டதற்கு, வேடிக்கை பார்க்கிற கூட்டம் இருந்தது, யார் முகத்தையாவது போடு தம்பி என்று சொல்லிவிட்டார். மெல்லிய தூரிகையால் கடுகளவு கடுகளவாக முகம் எழுதினான். அவனுக்குத் தெரிந்த முகங்கள் கீழத்தெரு முகங்கள்தான். அவையும் முன்பு அவனைப் பார்த்த காலத்தில் இருந்த மாதிரிதான் அவனுக்குத் தெரியும்.

கடைசியில் கிளியர் என்கிற நிறமில்லாத வார்னிஷ் அடிக்க வேண்டும். தூசியும் கடல்காற்றும் வராத நேரம் பார்த்து, கொட்டகைக்குள் பாலித்தீன் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, சீக்கிரம் இறுகுவதற்கான ஹார்டனர் கலந்து, ஸ்பிரே கன்னைப் பலகைக்கு மேலே ஒரே உயரத்தில் ஒரே வேகத்தில் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். காயவிட்டு, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மங்கலாகும்வரை தேய்த்து, திரும்ப அடித்து, திரும்பத் தேய்த்து, படத்துக்கும் மரத்துக்கும் சில்லுக்கும் நடுவில் எங்கேயும் விளிம்பு என்று ஒன்று கைக்குத் தட்டுப்படாமல் போகும்வரை விடவில்லை. பாலீஷ் போட்டு முடித்தபோது, அந்தத் திருவிழா தெளிந்த தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது. கழற்றியதையெல்லாம் பூட்டி, கால்களை நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பின்கால்களை விதிப்படி கொஞ்சம் உயர்த்தி, குண்டைப் போட்டான். அது சத்தமே இல்லாமல் ஓடியது. அந்த நேரத்தில்தான் பூங்காவனம் கடையிலிருந்து எலுமிச்சம்பழம் கிளம்பியது.

முதல் இரண்டு நாள் சனங்கள் உருண்டு போனதைப் போனதென்று விட்டார்கள். ஆனால் எத்தனையை விடுவது? பித்தளைக் குடம் போனது. தேங்காய் போனது. சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்தவன் சைக்கிள் போனது. அறுந்த பாசிமணி மாலை ஒவ்வொரு மணியாகப் போனது. சிங்காரவேலர் காலையில் இரத்தக்கொதிப்பு மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்ச் செம்பை எடுப்பதற்குள் மாத்திரை கையை விட்டுக் குதித்துக் கிளம்பிவிடும். கொத்தனார் ரசமட்டத்தைக் கொண்டுவந்து தெருவில் பத்து இடத்தில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. தெரு மட்டமாகத்தான் இருக்கிறது என்று அவர் சொன்னார், மட்டமாக இருந்துகொண்டே சாய்ந்தும் இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னார், கூலியும் வாங்காமல் போய்விட்டார்.

பிறகு பழகிவிட்டது. கடற்கரையில் வாழ்கிறவர்களுக்குப் பழகாதது எது? பூங்காவனம் தட்டுக்கு முன்னால் மூங்கில் பிளாச்சு கட்டினாள். மினி பஸ்காரர் சக்கரத்துக்குக் கல் வைத்தார். கிரிக்கெட் ஆடுகிற பையன்கள், பந்து எங்கே அடித்தாலும் அஞ்சப்பன் வாசலுக்குத்தான் வரப்போகிறது என்று ஃபீல்டர்களைக் குறைத்துக்கொண்டார்கள். ஐஸ் டிரம்களைத் தெருமுனையிலிருந்து கடற்கரைக்குக் கொண்டுபோக ஆள் பிடிக்க வேண்டியதில்லை, தொட்டு விட்டால் போதும் என்றானது. நிறைமாதப் பெண்கள் அந்தப் பக்கமாக நடந்தால் வயிறு முன்னே போகிறது, கனமே தெரியவில்லை என்று காலையும் மாலையும் நடந்தார்கள். முழுநிலா அந்த ஓட்டு வீட்டுக்கு மேலே கொஞ்சம் கூடுதலாக நின்றது என்று சிலர் சொன்னார்கள். அது நிஜமாகவும் இருக்கலாம்.

அஞ்சப்பன் தன் வாசலை அடைத்துப் பழைய வலை ஒன்றைக் கட்டினான். வருவது அதில் வந்து விழும். வெங்காயம் ஒரு கூடை, தேங்காய் ஒரு மூலை, மணிகளுக்கும் மாத்திரைக்கும் ஒரு தாம்பாளம் என்று பிரித்து வைப்பான். சாயங்காலம் சனங்கள் வந்து அவரவர் சாமானை எடுத்துப் போவார்கள். முதலில் பேச்சில்லாமல் எடுத்துப் போனார்கள். பிறகு, இது யாருடைய தேங்காய் என்பதில் தகராறு வரும்போது அவனிடம் கேட்கவேண்டி வந்தது. இது காலையில் வந்தது, அது மத்தியானம் வந்தது என்று அவன் சொல்வான். சிங்காரவேலர் தினமும் காலையில் செம்போடு வந்து, தாம்பாளத்திலிருந்து மாத்திரையை எடுத்து அங்கேயே போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்புவார்.

இதைவிடப் பெரிய விஷயம் கண்கள். கண்விழியும் உருண்டைதான் என்பதை அதுவரை கீழத்தெருவில் யாரும் யோசித்துப் பார்த்திருக்கவில்லை. குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கும்போது, தலை பின்னும்போது, வலைக்கு முடிச்சுப் போடும்போது, கொஞ்சம் அசந்தால் போதும், கண் மெதுவாக வழுக்கி அந்தக் கடைசி வீட்டுப் பக்கம் போய் நின்றுவிடும். பிடித்து இழுத்தால் வரும், விட்டால் போகும். அப்படித்தான் இத்தனை வருஷத்துக்கப்புறம் அவர்கள் அஞ்சப்பனைப் பார்த்தார்கள். காதோரம் நரைத்திருந்தான். கெமிக்கல் பட்டு விரல் நகமெல்லாம் மஞ்சளித்திருந்தது. சட்டைக்குப் பித்தான் தைக்க ஆளில்லாமல் ஊக்கு குத்தியிருந்தான். ஒரு பக்கத் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, அது கடலில் கிடந்தபோது ஆனதாக இருக்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவனுக்கோ, உடம்பெல்லாம் வெயில் படுவதுபோல இருந்தது. முதல் வாரம் கூச்சத்தில் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த வாரம் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டான்.

ஒரு நாள் காலையில் கடல் இரைச்சல் கூடியிருந்த நேரம், அலையிலிருந்து ஒரு மிதவை வெளியே வந்தது. வலையின் மேல்கயிற்றில் கோத்துக் கட்டுகிற பந்து அளவு மிதவை. சிப்பி ஒட்டி, நிறம் வெளுத்து, ஆனாலும் நீலத்தின்மேல் வெள்ளைக் கோடு இரண்டு போட்டது தெரிந்தது. ஊரில் ஒவ்வொரு படகுக்கும் ஓர் அடையாளம் உண்டு, இரண்டு வெள்ளைக் கோடு காத்தவராயன் படகுக்கு. அது மணலில் தடம் போட்டுக்கொண்டு ஏறி வந்தது. கரையில் இருந்தவர்கள் வழிவிட்டு விலகினார்கள். பின்னாலேயே இன்னொன்று, அதற்குப் பின்னால் நாலைந்து, அப்புறம் எண்ண முடியாத அளவு. அத்தனை காலமும் கடலுக்கடியில் அறுந்து கிடந்த வலையின் மிதவைகள் எல்லாம் எறும்புச் சாரி மாதிரி வரிசை பிடித்து வந்தன. ஒருவரும் தொடவில்லை. பூங்காவனம் கடைக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். மிதவைகள் அஞ்சப்பன் வீட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய், வாசலில் கட்டியிருந்த வலையில் ஒவ்வொன்றாக விழுந்து நிறைந்தன. அவன் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் எதையும் பிரித்து வைக்கவில்லை.

சாயங்காலம் யாரும் தங்கள் சாமானைக் கேட்டு வரவில்லை. அமிர்தவல்லி மட்டும் வந்தாள். ஐம்பது வயது, மீன்கூடை சுமந்து சுமந்து கழுத்து உறுதிப்பட்ட பெண். வலைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மிதவையை எடுத்து முந்தானையால் சிப்பியைத் துடைத்தாள். கோடு போட்டது அவள் புருஷன் கை. ஒரு கோடு எப்போதும் கோணலாகத்தான் இருக்கும். வெகுநேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அன்னைக்கு அவரு சாப்புட்டாரா?"

அஞ்சப்பனுக்கு முதலில் புரியவில்லை. அன்று விடியற்காலையில் புருஷன் பெண்சாதிக்குள் ஏதோ சண்டை, அவள் கோபத்தில் தூக்குச்சட்டியில் சோறு போட்டுக் கொடுக்கவில்லை, அவரும் கேட்காமல் வெறுங்கையோடு போய்விட்டார் என்பதை அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். அப்போதிலிருந்து ஒவ்வொரு வேளையும் சோற்றில் கை வைக்கும்போது அதுதான் ஞாபகம் வருகிறது, பசியோடு போயிருப்பாரோ என்று தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது என்றாள்.

"சாப்புட்டாரு அண்ணி," என்றான் அஞ்சப்பன். "என் தூக்குலேர்ந்துதான். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புட்டோம்."

"என்ன கொண்டு போயிருந்தே?"

"சென்னாக்குன்னிக் கருவாட்டுத் தொக்கு. எங்கம்மா வெச்சது."

"அவருக்கு அது புடிக்காதே."

"புடிக்கலதான். உப்பு அதிகம், தொண்டைய அறுக்குதுன்னாரு. சொல்லிக்கிட்டே மிச்சம் வெக்காம சாப்புட்டாரு."

அமிர்தவல்லி மிதவையின் கோணல் கோட்டை விரலால் தடவினாள். அப்புறம் அவள் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது.

"சொல்லுவாரு," என்றாள். "எந்த வீட்டுக் கொழம்புக்கும் அதத்தான் சொல்லுவாரு."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவன் ஏங்கிக் கிடந்தது அதற்குத்தான். ஆனாலும் அவனுக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இப்போதாவது என் முகத்தைப் பார்க்க முடிகிறதா என்று கேட்டான். அமிர்தவல்லி பொய் பேசத் தெரியாதவள்.

"கண்ணு தானா வருது தம்பி," என்றாள். "நான் என்ன பண்ணட்டும்."

மிதவையை மடியில் கட்டிக்கொண்டு போனாள். அஞ்சப்பன் அந்த வார்த்தையோடு உட்கார்ந்திருந்தான்.

மார்கழி பிறந்ததும் சவரிநாதன் சொல்தா மேசையை எடுத்துப்போக வந்தார். அவர் வந்த ஆட்டோ தெருமுனையில் என்ஜினை நிறுத்தியும் நிற்காமல் நேராக அஞ்சப்பன் வாசலில்தான் வந்து நின்றது. விஷயத்தைக் கேட்டதும் அவர் ஆச்சரியப்படவில்லை. பலகை மேலே விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தார். கண்ணாடியை மூடி, ஒரு ஆட்டம் ஆடினார். குண்டு கீழே இறங்க மனசில்லாததுபோல வெகுநேரம் ஓடியது. அவர் கண் கலங்கிவிட்டது. அவர் மனைவி இருந்தவரை சாயங்காலத்தில் இடப்பக்கத் துடுப்பு அந்த அம்மாவுக்கு, வலப்பக்கம் இவருக்கு என்று ஒரே ஆட்டத்தை இரண்டு பேருமாக ஆடுவார்களாம். அதைச் சொன்னார்.

பஞ்சாயத்துக் கூடியது. மேசை போனால் சாய்வும் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஐஸ் டிரம்காரர்கள் சாய்வு இருக்கட்டும் என்றார்கள். குடத்தைத் துரத்தி ஓடி அலுத்த பெண்கள் வேண்டாம் என்றார்கள். இதுவரை போன பொருளெல்லாம் கிடைத்துக்கொண்டுதானே இருக்கிறது, இதில் என்ன நஷ்டம் என்று ஒருவர் கேட்டார். தூங்கும்போதுகூட மூடின கண்ணுக்குள்ளே விழி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறது, கனவெல்லாம் அந்த வீட்டில்தான் நடக்கிறது என்று ஒரு பெண் சொன்னாள். சொல்தா எழுந்து, தனக்கு இனி ஆடித் தீர்க்க எத்தனை நாள் இருக்கிறது, ஊருக்கு வேண்டுமானால் மேசை இங்கேயே இருக்கட்டும், நான் அவ்வப்போது வந்து ஆடிக்கொள்கிறேன் என்றார். சிங்காரவேலரின் கண்ணும், மற்ற எல்லாருடைய கண்ணையும்போல, ஓரத்தில் நின்ற அஞ்சப்பன் மேலேயே இருந்தது.

"அவன் என்ன சொல்றான்?" என்றார்.

ஊர்க் கூட்டத்தில் அஞ்சப்பனைப் பார்த்து ஒரு கேள்வி வந்து எத்தனையோ காலமாகியிருந்தது. இந்த மேசை இருக்கிறவரை எல்லாரும் அவனைப் பார்ப்பார்கள். சாகிறவரை பார்ப்பார்கள். போய்விட்டால் பழையபடி மதில்மேல் பிரசாதம் வைக்கப்படலாம், தெரு அதற்கு முந்தின வீட்டோடு முடிந்துவிடலாம். அவன் அந்த முகங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ஐயா பொருள் ஐயாகிட்ட போகட்டும் மாமா," என்றான். "புடிச்சு வெச்சுப் பாக்க வெக்கிறது எனக்கு வேணாம். பாக்கணும்னு தோணுறவங்க பாக்கட்டும்."

அதற்குமேல் பேச எதுவும் இருக்கவில்லை. கால்களைக் கழற்றி, பலகையைப் போர்வையில் சுற்றி, லோடு வண்டியில் ஏற்றினார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் பூங்காவனம் ஓர் எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தாள். அது அசையாமல் வைத்த இடத்திலேயே இருந்தது. சனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். இத்தனை நாள் ஒரே பக்கம் இழுபட்டிருந்த விழி நடுவுக்கு வந்ததில் சிலருக்குத் தலைசுற்றியது, ஒருவர் வாந்தி எடுத்தார். பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குள் போனார்கள்.

அன்று யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அஞ்சப்பன் வாசலில் கட்டியிருந்த வலையை அவிழ்த்துச் சுருட்டி வைத்தான். மாத்திரை இப்போது சிங்காரவேலரின் உள்ளங்கையிலேயே இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பொங்கலுக்கு முன்னால் முடித்துக் கொடுக்க வேண்டிய ஒரு படகு கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடிப்பக்கத்து வெடிப்பைத் தேய்த்துத் திறந்து, ஒட்டுப்போடுகிற கண்ணாடி நூல்பாயை வெட்டி அளவு பார்த்து வைத்தான். வருத்தமாக இருந்தது. ஆனால் அவன் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லிவிட்ட வாய், சும்மா இருந்தபோதும் பழைய மாதிரி இல்லை.

ஒரு வாரம் போலப் போயிருக்கும். காலை பத்து மணி வெயிலில் அவன் பிளாஸ்டிக் மக்கில் ரெசின் பசை ஊற்றி, ஹார்டனர் விட்டுக் கலக்கி, பிரஷ்ஷை முக்கிக்கொண்டிருந்தபோது கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. முன்னால் அமிர்தவல்லி நின்றாள். அவளுக்குப் பின்னால் கடையைப் பூட்டிய சாவியை விரலில் மாட்டிக்கொண்டு பூங்காவனம். அவளுக்கும் பின்னால், கம்பை ஊன்றியபடி சிங்காரவேலர். அமிர்தவல்லி உள்ளே வந்து கவிழ்ந்த படகின் அருகில் மணலில் உட்கார்ந்தாள். மற்ற இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். காத்தவராயன் சாப்பிட்டதைச் சொன்னாயாமே, என் தம்பியைப் பற்றியும் தெரிந்திருக்கும்தானே என்று பூங்காவனம் கேட்க நினைத்தது அவள் உதட்டில் தெரிந்தது. சிங்காரவேலர் முதலில் பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரசரைப் பார்த்தார். பிறகு கீற்றைப் பார்த்தார். தம் கால் விரல்களைப் பார்த்தார். சாய்வில்லாத இடத்தில் கனமான ஒன்றை ஒண்டியாகத் தள்ளி ஏற்றுகிறவர் மாதிரி அவருக்கு மூச்சு வாங்கியது. அப்படித் தள்ளித் தள்ளித் தம் கண்ணைக் கொண்டுவந்து அஞ்சப்பன் முகத்தில் வைத்தார். வைத்த பிறகு எடுக்கவில்லை.

"சொல்லுப்பா," என்றார்.

"எதுலேர்ந்து மாமா?"

"படகு தள்ளுனதுலேர்ந்து."

அஞ்சப்பன் மக்கைக் கீழே வைத்தான். படகைத் தள்ளும்போது தணிகாசலம்தான் முதலில் ஏறினான், தள்ளாமல் ஏறிவிட்டானே என்று பாவாடைராயன் அவனைக் கேலி செய்தான், கேலியிலேயே ஒரு பாட்டுக் கட்டினான், முனையைத் தாண்டும்வரை நாலு பேரும் அதைப் பாடிக்கொண்டு போனோம் என்று தொடங்கினான். பூங்காவனம் அந்தப் பாட்டைக் கேட்டாள். அவனுக்கு அது ஞாபகம் இருந்தது. தணிகாசலம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான் என்று சிங்காரவேலர் கேட்டார். அதைச் சொன்னான். காற்று எப்போது திரும்பியது, யார் முதலில் பார்த்தது, யார் கையை யார் பிடித்திருந்தார்கள், எதுவரை பிடித்திருந்தார்கள் என்று கேட்கக் கேட்கச் சொன்னான். அழுகை வந்த இடத்தில் நாலு பேரும் அழுதார்கள், அழுது முடித்ததும் திரும்ப விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். வெயில் கீற்றின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனது. பக்கத்தில் வைத்த மக்கில் ரெசின் சூடேறி, புகைந்து, பிரஷ் நட்டது நட்டபடியே கல்லாக இறுகிப்போனதை அவர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.